பத்து மணிக் கொட்டு

நாகஜோதிக்குத் தான் வாக்கப்பட்ட ஊரின் திருவிழா எப்படி இருக்கும் என்று தெரியாது. கல்யாணமாகிப் பதினெட்டு வருடமாக அந்த ஊர்க்காரி. ரேஷன் கார்டு, ஓட்டு, அரை ஏக்கர் மல்லிகைத் தோட்டம் எல்லாம் சாணார்பட்டிக்குப் பக்கத்தில் அந்தச் சின்னக்காளிபட்டியில்தான். ஆனால் ஒவ்வொரு சித்திரையிலும், அம்மனுக்குக் காப்புக் கட்டுவதற்கு முன்பே பெட்டியைத் தூக்கிக்கொண்டு சின்னாளபட்டியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவார். காப்புக் கட்டும்போது ஊருக்குள் இருந்துவிட்டால், திருவிழா முடியும் வரை வெளியே ராத்தங்கக் கூடாது. ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறவருக்கு அது எப்படி ஒத்து வரும்? சித்திரை பிறந்தால் எல்லா ஊரிலும் நாகஜோதி அம்மன் பாட்டுப் பாடுவார், தன் ஊரைத் தவிர.

நான் அல் அமீன். திண்டுக்கல் பேகம்பூர்க்காரன். நாகஜோதி பாடும் இன்னிசைக் குழுவின் அறிவிப்பாளர். "அடுத்த பாடலைப் பாட வருகிறார்" என்று இழுத்துச் சொல்லிவிட்டு, பாடுகிறவர் தண்ணீர் குடித்து முடிக்கும் வரை இரண்டு ஜோக் அடிப்பது என் தொழில். என் குரலைப் பற்றி நானே பேசக் கூடாது. வேறு யாரும் பேசுவதில்லை என்பதால் சொல்கிறேன், நல்ல குரல். மைக்கைப் பிடித்தால் எனக்குக் கொஞ்சம் திமிரும் வந்துவிடும். அதை அடக்குவதற்கென்றே எங்கள் குழுவில் நாகஜோதி இருந்தார். "அண்ணே, ரெண்டு ஜோக்கு போதும். மூணாவது ஜோக்குக்கு நீங்க மட்டும்தான் சிரிக்கிறீங்க" என்று மேடையிலேயே காதோரம் சொல்லுவார்.

சின்னாளபட்டியில் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் அவர் பாடியதைக் கேட்டுவிட்டு, எங்கள் குழுவை நடத்தும் கிளெமென்ட் மாஸ்டர் நேரே அவர் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் பேசி அழைத்து வந்தார். மாஸ்டர் கீபோர்டு வாசிப்பவர், அதிகம் பேசாதவர். அவர் ஒரு வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் பேசினார் என்றால் அந்தக் குரல் எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு மேடையில் அவரைப் பார்த்த முத்துச்சாமி பெண் கேட்டுப் போனார். "கல்யாணத்துக்கு அப்புறமும் பாடுவேன், சம்மதமா?" என்று பெண் கேட்டிருக்கிறது. "நீங்க பாடலைன்னா நான் எதுக்குப் பொண்ணு கேட்டு வரப் போறேன்" என்றாராம் மாப்பிள்ளை. மல்லிகைத் தோட்டக்காரர், இரண்டு வார்த்தைக்கு மேல் பேசி நான் கேட்டதில்லை. அந்த ஒரு நாள் மட்டும் எப்படியோ பேசியிருக்கிறார்.

2020 பங்குனியில் எல்லாம் நின்றது. சித்திரை முழுக்க எங்களுக்கு நிகழ்ச்சிகள் இருந்தன. ஒவ்வொன்றாகப் போன் வந்தது, எல்லாருமே வருத்தமாகத்தான் பேசினார்கள். எங்கள் டிரம்ஸ்காரர் வடமதுரைப் பக்கம் நூல் மில்லுக்கு வேலைக்குப் போனார். நான் ஆட்டோவில் உட்கார்ந்து தெருத் தெருவாக "முகக்கவசம் அணியுங்கள், கூட்டம் கூடாதீர்கள்" என்று சொல்லிக்கொண்டு போனேன். கூட்டம் கூட வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் கத்தினவனுக்கு அப்படி ஒரு வேலை. புல்லாங்குழல் வாசித்த ஆல்வின் இரண்டாவது அலையில் போய்விட்டார். அவர் இடத்துக்கு மாஸ்டர் இன்னும் யாரையும் எடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அதே இரண்டாவது அலையில் முத்துச்சாமியும் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் நாகஜோதி வாசலில் ஒரு புங்க மரத்தடியிலேயே பகலெல்லாம் நிற்பார். அவ்வழியாக ஆட்டோவில் போகும்போது நான் மைக்கை அணைத்துவிடுவேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு "விழிப்புடன் இருப்போம்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. முத்துச்சாமி பிழைத்து வந்தார். இரண்டு மாதம் வீட்டு வாசல்படி ஏறவே மூச்சு வாங்கியது. பிறகு மெல்லத் தோட்டத்துக்குப் போனார்.

2022 சித்திரையில் திருவிழாக்களுக்கு அனுமதி கிடைத்தது. வடமதுரைக்கு அந்தப் பக்கம் குளத்தூரான்பட்டியில் முதல் நிகழ்ச்சி, வியாழக்கிழமை. எனக்குப் போன் வந்த அன்று என் வீட்டில் பெருநாள் மாதிரி இருந்தது. மாஸ்டர் வீட்டு மாடியில் ஒத்திகை பார்த்தோம். நாகஜோதியின் குரல் இருந்தது, ஆனால் மேலே போகும்போது நூல் பிரிந்தது. இரண்டு வருடம் பூப்பறித்துக்கொண்டு முணுமுணுத்த குரல், மைக்குக்கு வரச் செத்த நேரம் ஆகும்தானே. மாஸ்டர் அப்படிப் பார்க்கவில்லை. காந்திகிராமத்தில் படிக்கும் இளவேனில் என்ற பெண்ணின் குரலைக் கேட்டு வைத்திருந்தார். ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்.

"ஜோதி, சீசன்ல தினமும் பாடணும். உனக்குத் தம் இருக்கானு வியாழக்கிழமை பாப்போம். முடியலைன்னா இந்த வருசம் இளவேனில் பாடட்டும்."

"சரிங்க மாஸ்டர்" என்றார் நாகஜோதி. படி இறங்கும்போது என்னிடம், "பாடாம இருந்தா நான் என்னண்ணே செய்வேன், எனக்கு வேற ஒண்ணும் தெரியாதே" என்றார். அவருக்குப் பூக்கட்டத் தெரியும், தோட்டம் பார்க்கத் தெரியும், ஒரு மனிதனைச் சாவிலிருந்து மீட்டுக் கொண்டுவரத் தெரியும். ஆனால் எனக்குப் புரிந்தது. மைக் இல்லாத நானும் அப்படித்தான் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை சின்னக்காளிபட்டியில் காப்பு. அன்று காலையே அவர் அக்கா வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். புதன்கிழமை காலை போன் வந்தது.

"அண்ணே, ஒரு தப்பு நடந்து போச்சு."

"என்னம்மா?"

"காப்புக் கட்டிக்கிட்டேன்."

நானும் மாஸ்டரும் வண்டியை எடுத்துக்கொண்டு போனோம். கதவுக்குப் பக்கத்தில் பெட்டி கிளம்பத் தயாராக நின்றது. நாகஜோதி கையில் மஞ்சள் கயிறு, விரலி மஞ்சளோடு. அழுது முடித்த முகம்.

நடந்தது இதுதான். பூ மார்க்கெட்டுக்குப் போன முத்துச்சாமி வரட்டும், சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்று காத்திருந்திருக்கிறார். அவர் வரத் தாமதமாகிப் பொழுது சாய்ந்துவிட்டது. கோயிலில் கொட்டு அடிக்க ஆரம்பித்தார்கள். இரண்டு வருடமாக ஊர் கேட்காத கொட்டு. தெருவில் பெண்கள் ஓடுகிறார்கள். நாகஜோதியும் ஓடிவிட்டார். பூசாரி வரிசையாகக் கட்டிக்கொண்டே வந்தார்.

"எல்லாரும் கைய நீட்டுனாங்க. அவரு எந்திரிச்சு வந்தாரே, அதுக்கு ஆத்தாவுக்கு நான் ஒண்ணுமே செய்யலையேனு அப்பத்தான்ணே தோணுச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னப்ப வேண்டிக்கக் கூட எனக்குப் புத்தி வேலை செய்யல. கைய நீட்டிட்டேன். கட்டுனதுக்கு அப்புறம்தான் வியாழக்கிழமை ஞாபகம் வந்துச்சு."

எனக்குக் கோபம்தான் வந்தது. சீசன் முழுக்கப் போகிறதே என்ற கோபம். அம்மனிடமும் கொஞ்சம் கோபித்துக்கொண்டேன். இத்தனை வருடம் அவளுக்கு எத்தனை ஊரில் வணக்கம் சொல்லியிருக்கிறேன், அந்த உரிமைதான்.

அப்போதுதான் முத்துச்சாமி வாயைத் திறந்தார். "கழட்டிட்டுப் போ தாயி. எனக்கு ஒண்ணும் ஆகாது."

"வாய மூடுங்க" என்றார் நாகஜோதி. அவ்வளவு கடுமையாக அவர் பேசி நான் கேட்டதில்லை. பிறகு மாஸ்டரைப் பார்த்து, "இளவேனிலைக் கூப்புடுங்க மாஸ்டர். நான் கழட்ட மாட்டேன்" என்றார்.

மாஸ்டர் தலையாட்டிவிட்டு எழுந்தார். எனக்கு மனது கேட்கவில்லை. கோயில் நிர்வாகம் பார்க்கும் மூக்கையாவைப் போய்ப் பார்ப்போம் என்றேன். நாகஜோதி முறைக்கு அவரை மாமா என்பார். மனிதர் பந்தலில் உட்கார்ந்து வாழைமரம் கட்டுபவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"வெளியூரு போறதுக்குத் தடையில்ல பாய். ராத்திரி பத்து மணிக்குக் கோயில்ல கொட்டு அடிப்போம். காப்புக் கட்டுனவுக அம்புட்டுப் பேரும் வந்து அம்மனுக்குக் கையக் காட்டித் துன்னூறு வாங்கணும். அது தப்பக் கூடாது."

"நாளைக்கு ஒரு நாள் பதினொண்ணுக்கு அடிக்கலாமாங்கய்யா?"

"ரெண்டு வருசம் அடிக்காத கொட்டு பாய் இது. போன வருசம் இந்நேரம் இந்த ஊர்ல மூணு சாவு. எல்லாரும் வந்து நிக்கிறாங்களானு எண்ணிப் பாக்கத்தான் இந்த வருசம் எனக்கு அடிக்கணும்னே இருக்கு. தள்ளிப் போடச் சொல்லாதீங்க."

நியாயம் அவர் பக்கம் இருந்தது. எங்கள் கணக்கும் எளிதுதான். குளத்தூரான்பட்டியிலிருந்து ஊர்ப்பாதையில் வர ஒரு மணி நேரத்துக்கு மேல். எட்டரைக்கு அவர் அங்கிருந்து கிளம்ப வேண்டும். கச்சேரியோ எட்டரைக்குத்தான் தொடங்கும். நோட்டீஸில் ஏழு என்று போட்டிருப்பார்கள், சனங்கள் சாப்பிட்டுவிட்டுப் பாயோடு வந்து சேர எட்டரை. என் அனுபவத்தில் எந்த ஊரிலும் இது மாறியதில்லை. கொட்டு முடிந்து திரும்பி வந்து பாடலாம் என்றால், போலீஸ் அனுமதி பத்து மணி வரைதான்.

வேறு வழியில்லாமல் குளத்தூரான்பட்டி விழாக் கமிட்டி நல்லுசாமிக்குப் போன் போட்டேன். பாடகி மாறுகிறார் என்று சொல்லத்தான் போட்டேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன்.

"யாருக்கு உடம்பு முடியாம இருந்துச்சு பாய்?"

"வீட்டுக்காரருக்குங்க. கொரோனா."

"பொழச்சுட்டாரா?"

"பொழச்சுட்டாருங்க."

"எங்க மச்சான் பொழைக்கல" என்றார் நல்லுசாமி. பிறகு, "அந்தப் பிள்ளையவே கூட்டியாங்க. ஆறு மணிக்கு ஆரம்பிச்சுருங்க. சனத்தை நான் கூட்டிட்டு வாரேன்" என்றார்.

ஆறு மணிக்குக் கச்சேரி. சித்திரை மாதம், வெயில் இன்னும் இறங்கியிருக்காது. காட்டு வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பி, குளித்து, உலை வைக்கும் நேரம். அந்த நேரத்தில் யார் வந்து உட்காருவார்கள்? மாஸ்டர் சரி என்றார், ஆனால் இளவேனிலையும் வரச் சொன்னார். காலி நாற்காலிகளுக்கு முன்னால் நாகஜோதி பாடித் தோற்றுப்போவதை நான் அறிவிப்பாளராக நின்று பார்க்க வேண்டும். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

வியாழக்கிழமை ஐந்தரைக்கு மேடை தயாராக இருந்தது. மேடை மேற்குப் பார்த்தது. எதிரே சூரியன், கண்ணைத் திறக்க முடியவில்லை. கட்டியிருந்த சீரியல் செட் எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக, ஆளில்லாமல். ஆறு மணிக்கு நாலைந்து பிள்ளைகளும் ஒரு நாயும் வந்து சேர்ந்தார்கள். இளவேனில் ஓரத்தில் பட்டுப் பாவாடையோடு உட்கார்ந்திருந்தது. நாகஜோதி கையைப் புடவை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு தரையையே பார்த்தார். கயிறு கட்டிய கை.

"ஆரம்பிச்சுருவோம் பாய்" என்றார் மாஸ்டர்.

மைக்கைப் பிடித்தேன். எனக்குத் திமிர் வரவில்லை, பயமாக இருந்தது. "அனைவருக்கும் வணக்கம்" என்றேன். இரண்டு வருடம் கழித்து அந்த வார்த்தை நாலு ஸ்பீக்கரிலும் போய் எதிர்க் குன்றில் பட்டு என்னிடமே திரும்பி வந்தது.

அந்தச் சத்தம் ஊருக்குள் போயிருக்க வேண்டும். கிழக்குத் தெருவிலிருந்து நல்லுசாமி வந்தார், பின்னால் ஒரு கூட்டம். மேற்குத் தெருவிலிருந்து இன்னொன்று. ஈரத் தலையோடு பெண்கள், காட்டிலிருந்து அப்படியே வந்த ஆண்கள், மில் வண்டியிலிருந்து இறங்கி யூனிஃபார்மோடு வந்த பிள்ளைகள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் கச்சேரி என்பதால் பெண்கள் வேலையையும் கையோடு கொண்டு வந்திருந்தார்கள். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு சின்ன வெங்காயம் உரித்தார்கள். முன்வரிசையில் பேச்சாயி என்ற அம்மா அரிவாள்மணையையே தூக்கி வந்து, தரையில் போட்டு உட்கார்ந்து, வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் நறுக்க ஆரம்பித்தார். எத்தனையோ கூட்டம் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. ஒவ்வொருவராகப் போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

நாகஜோதி எழுந்து வந்து அம்மன் பாட்டை எடுத்தார். முதல் அடி நன்றாக வந்தது. இரண்டாவது அடியில் மேலே போக வேண்டிய இடத்தில் குரல் உடைந்தது. ஒத்திகையில் பிரிந்த அதே இடம். நிறுத்திவிட்டார். மாஸ்டரும் நிறுத்தினார். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் ஜோக் அடிக்கத்தான் எனக்குச் சம்பளம், ஒரு ஜோக்கும் வரவில்லை.

பேச்சாயி கத்தரிக்காயைக் கீழே வைத்தார். "செத்த நேரம் எடுத்துக்க தாயி. நாங்க எங்கயும் போகல" என்றார்.

நாகஜோதி பிளாஸ்கிலிருந்து வெந்நீர் குடித்தார். கையை முந்தானையிலிருந்து எடுத்து மைக்கை இரண்டு கையாலும் பிடித்தார். மஞ்சள் கயிற்றை எல்லாரும் பார்த்தார்கள். நல்லுசாமி ஊரெல்லாம் சொல்லித்தான் வைத்திருந்தார் போல, யாரும் யாரையும் என்ன ஏது என்று கேட்கவில்லை. மறுபடி முதல் அடியிலிருந்து எடுத்தார். அந்த இடம் வந்தது. போய்விட்டார், மேலே. சுத்தமாகப் போனார். பெண்கள் குலவையிட்டார்கள். டிரம்ஸ்காரர் வாசித்துக்கொண்டே தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முன்னால் அத்தனை வெங்காயம் உரித்தார்கள், அதனாலும் இருக்கலாம்.

அதற்குப் பிறகு அவர் உட்காரவே இல்லை. அம்மன் பாட்டு, டூயட், சோகப்பாட்டு, பிள்ளைகள் ஆடக் குத்துப்பாட்டு. நான் ஜோக்கை எல்லாம் சுருட்டி வைத்துக்கொண்டேன், ஒரு நிமிடத்தையும் வீணாக்க மனதில்லை. பொழுது இறங்கி விளக்குகள் தெரிய ஆரம்பித்தன. முகங்கள் அப்படியே இருந்தன.

எட்டரைக்கு முத்துச்சாமி மேடைக்குப் பக்கவாட்டில் பூ மூட்டை ஏற்றும் டிவிஎஸ் வண்டியோடு வந்து நின்றார். நாகஜோதி கும்பிட்டுவிட்டுப் படி இறங்கினார். பின்னால் நின்ற இளவட்டங்கள் "ஒன்ஸ்மோர்" என்று ஆரம்பித்தார்கள். நல்லுசாமி திரும்பி ஒரு பார்வை பார்த்தார், அடங்கிவிட்டது. சனங்கள் நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார்கள். "போ தாயி, கொட்டு அடிச்சுருவாங்க", "வண்டியப் பாத்து ஓட்டுப்பா" என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மாஸ்டர் கீபோர்டிலிருந்து ஒரு கையை எடுத்து நாகஜோதியைக் கூப்பிட்டார்.

"சனிக்கிழமை அய்யலூர்ப் பக்கம். அங்கயும் ஆறு மணிக்குப் பேசிக்கிறேன். பெட்டியத் தூக்கிட்டு அலையாத, வீட்டுல இருந்தே வா."

நாகஜோதி தலையை ஆட்டிவிட்டு ஓடிப்போய் வண்டியில் ஏறிக்கொண்டார். அதன் பிறகு இளவேனில் பாடியது. நன்றாகவே பாடியது. சனங்கள் கைதட்டினார்கள். ஆனால் பலர் கையில் போனை எடுத்து மணி பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன்.

பத்து மணிக்குச் சற்று முன்னால் கச்சேரியை முடித்தோம். காவலுக்கு வந்த போலீஸ்காரர் தலையாட்டினார். வழக்கமாக நான் நன்றி சொல்ல ஆரம்பிக்கும்போதே பாதிக் கூட்டம் செருப்பைத் தேடும். அன்று ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"போன் வந்துச்சா பாய்?" என்றார் நல்லுசாமி.

இல்லை என்றேன். அத்தனை பேரும் என் சட்டைப் பையையே பார்த்தார்கள். வழியில் வண்டி நின்றிருந்தால் என்ன செய்வது, முத்துச்சாமிக்கு மூச்சு வாங்கியிருந்தால் என்ன செய்வது என்று என் மனது ஓடியது. அப்போது போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டு மைக்குக்கு முன்னால் பிடித்தேன். முதலில் கீச்சென்ற சத்தம். அப்புறம் கொட்டு. சின்னக்காளிபட்டிக் கோயிலின் கொட்டு எங்கள் நாலு ஸ்பீக்கரிலும் கேட்டது. அதோடு நாகஜோதியின் மூச்சிரைப்பு.

"அண்ணே, வந்து சேந்துட்டோம். மூக்கையா மாமாகிட்டக் கையக் காட்டிட்டேன். வீட்டுக்காரரும் நல்லாருக்காரு." கூட்டம் கேட்டுக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. "பாதியில எந்திரிச்சு வந்துட்டேன்ணே. அந்தச் சனத்துக்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லிருங்க."

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் முன்வரிசையில் பேச்சாயி அரிவாள்மணையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எழுந்து மைக்குப் பக்கம் வந்தார்.

"மன்னிப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீ சோத்தைத் தின்னுட்டுப் படு தாயி. நாங்க இனிமேத்தான் உலை வைக்கணும்."